57 நாள் நோன்பும் உயிரணுவும்

செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், 24 தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்ட பாறை இருக்கும் அதே குன்றில், ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டினது என்று அறிஞர்கள் கணிக்கும் சிறிய கல்வெட்டு ஒன்று உண்டு. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர்நீத்ததை அது சொல்கிறது. சல்லேகனை எனப்படும் இந்த உண்ணாநோன்பு தற்கொலையா? 2015 ஆகஸ்டில் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் ஆம் என்றது. அந்த மாதமே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. தற்கொலை அல்ல என்பதே என் எண்ணம். அதற்கான காரணம் அந்த 57 என்ற எண்ணில் இருக்கிறது.

உணவு நின்றதும் உடல் சாவை நோக்கி ஓடுவதில்லை. 1937இல் உயிர்வேதியியலாளர் ஹான்ஸ் கிரெப்ஸ் விளக்கிய வேதிச் சுழற்சி, உயிரணு ஆற்றல் பெறும் முதன்மையான வழி. ஆற்றல் போதுமான அளவு இருந்தால் அதன் நொதிகள் தாமே வேகம் குறைக்கின்றன, குறைந்தால் முடுக்கிவிடுகின்றன. நோன்பு நீளும்போது கல்லீரல் கொழுப்பை எரிக்கிறது. சுழற்சிக்கு வேண்டிய ஆக்சலோஅசிட்டேட்டோ குளுக்கோஸ் ஆக்குவதற்குப் போய்விடுகிறது. கொழுப்பிலிருந்து உண்டாகி, சுழற்சிக்குள் நுழைய முடியாத அசிட்டைல் கோ-ஏ கீட்டோன்களாக மாறி மூளைக்கு உணவாகிறது. மூளைக்கு வேண்டிய குளுக்கோஸ் குறைவதால், அதற்காகத் தசை கரைவதும் மட்டுப்படுகிறது. வாரக்கணக்கில் உயிர் தாங்குவது இதனால்தான். ஆகவே நோன்பி உடலை ஒரே வீச்சில் முறிப்பவரல்லர். உடல் விடாமல் வாழ முயல, அவர் நாள்தோறும் தம் முடிவை மறுபடி எடுக்கிறார். ஒரு கணத்து விரக்தியில் நேரும் சாவுக்கு இந்த அவகாசம் இல்லை.

கீட்டோன்கள் பசியை மழுங்கடிக்கின்றனவே, உறுதி என்பது வெறும் வேதியியல்தானே என்று கேட்கலாம். 1876–78 பெரும்பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மடிந்தவர்களின் கல்லீரலிலும் இதே நொதிகள்தாம் இயங்கின. அவர்கள் கஞ்சிக்கு ஏங்கினார்கள். அதை நோன்பு என்று யாரும் சொல்லத் துணிவதில்லை. உயிரணுவுக்கு இருவரும் ஒன்றே என்றால், வேறுபாட்டை அதற்குள் தேடிப் பயனில்லை. இதனால் ஆன்மா உண்டென்று நிறுவிவிட்டதாக நான் சொல்லவில்லை. நொதிகளின் விளக்கம் இந்தக் கேள்விவரை எட்டவில்லை, அவ்வளவே.

இன்னொரு மறுப்பு இதைவிட வலியது. ஊரும் உறவும் புகழும்போது ஒரு முதியவர் நடுவழியில் சோறு கேட்பாரா? கடைசி நாள்களில் அறிவே மங்கும்போது, மறுபடி முடிவெடுப்பது யார்? இதை நான் ஏற்கிறேன். தீராத நோய், முதுமை, பஞ்சம் போன்ற நிலைகளில் மட்டுமே சல்லேகனைக்கு இடமுண்டு என்று சமண நூல்கள் வரம்பு கட்டியதும் காரணமின்றி அல்ல. நாள்களின் எண்ணிக்கை மட்டும் சுதந்திரத்துக்குச் சான்றாகாது. கேட்ட நொடியில், எந்தப் பழியும் இல்லாமல், கஞ்சி கிடைக்கும் என்ற உறுதி நோன்பிக்கு இருக்கும்வரைதான் என் வாதம் நிற்கும்.