பகடையும் மனச்சாட்சியும்

விளையாட்டிலே செய்யும் தீங்குக்கு ஒருவன் பொறுப்பாளி ஆவானா? ஆகான் என்பதே பலரது விடை. சதுரங்கத்திலே காலாள் வெட்டுண்டால் எவரும் கண்ணீர் விடுவதில்லை. ஆனால், வெட்டப்படும் காலாளுக்கு ஒரு பெயரும், காத்திருக்கும் ஒரு தாயும், உயிருக்கு மன்றாடும் ஒரு குரலும் இருந்தால்? அத்தகைய விளையாட்டு ஒன்று உலகில் உண்டு. ஆகவே இவ்வினாவை எளிதில் தள்ளிவிட இயலாது.

ஒரு மேசையைச் சுற்றி ஐவர் அமர்கின்றனர். நால்வர் ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்கின்றனர். ஐந்தாமவரோ உலகத்தையே ஏற்கிறார். ஊரும் காடும் பகைவரும் பிச்சைக்காரரும் அவர் வாயினாலேயே பேசுகின்றனர். நிச்சயமற்ற செயல்களைப் பகடை தீர்க்கிறது. ஏனையவற்றை அவர் தீர்க்கிறார். அவரை நடுவர் என்போம்.

இந்த நடுவர் படைமுகாமிலிருந்து வந்தவர். பிரஷியப் படை அதிகாரியான ரைஸ்விற்ஸ் 1824ஆம் ஆண்டில் வெளியிட்ட போர்ப் பயிற்சி விளையாட்டிலே, நடுவர் விதிநூலுக்கும் பகடைக்கும் கட்டுப்பட்டவர். 1876இல் வெர்டி டு வெர்னுவா என்னும் அதிகாரி, விதிகளின் பாரத்தைக் குறைத்து அநுபவமுள்ள நடுவரின் தீர்ப்பை நம்புவதே மேல் என்றார். சட்டமா, தீர்ப்பவரின் மனமா என்னும் பழைய வழக்கு அன்றே இம்மேசைக்கும் வந்துவிட்டது. 1974இல் காரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் ஐக்கிய அமெரிக்காவிலே ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை ஆக்கியபோது, படைகளின் கதை தனிமனிதரின் கதையாயிற்று.

அந்த வீர உலகிலே, கொன்ற பகைவனுக்கும் கைப்பற்றிய பொன்னுக்கும் அநுபவப் புள்ளிகள் கிடைத்தன. ஆகவே ஆடுவோர் கொன்றனர், கவர்ந்தனர். 1977இல் மார்க் மில்லர் ஆக்கிய ‘டிரவலர்’ விண்வெளி உலகைச் சார்ந்தது. அங்கே கப்பலைக் கடனுக்கு வாங்கியவர் நானூற்றெண்பது மாதங்கள், அதாவது நாற்பது ஆண்டுகள், தவணை கட்டவேண்டும். ஆகவே ஆடுவோர் சரக்கேற்றினர்; வட்டிக்கு அஞ்சினர்; சில வேளைகளிற் களவும் கடத்தினர். 1981இல் சாண்டி பீட்டர்சன் ஆக்கிய ‘கோல் ஒவ் கதுலு’ திகிற்கதை உலகம். அங்கே மறைபொருளை அறிய அறியச் சித்தத்தின் உறுதி குறைகிறது. ஆகவே ஆடுவோர் நூலைத் திறக்கவும் நடுங்கினர்.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. இம்மூன்று மேசைகளிலும் அமர்ந்தவர் அதே நால்வராகவும் இருக்கலாம். ஓரிடத்திலே கொள்ளையராகவும், ஓரிடத்திலே கடனாளிகளாகவும், ஓரிடத்திலே கோழைகளாகவும் அவர்களை ஆக்கியது அவர்களது பிறவிக்குணமா? அன்று. எதற்குப் பரிசு, எதற்குத் தண்டனை என்று வகுத்த ஏற்பாடே அவர்களை அவ்வாறு ஆக்கிற்று. மனிதனின் ஒழுக்கத்தை அளக்கப் புகுவோர், அவன் எந்த மேசையில் அமர்த்தப்பட்டான் என்பதை முதலிற் கேட்கவேண்டும்.

“கதையின் மரபு அதுவாயின் நடுவர் என்ன செய்வார்?” என்று சிலர் வினவுவர். மரபு வானத்திலிருந்து விழுந்ததன்று. திகிற்கதை மரபின் மூலவருள் ஒருவரான லவ்கிராவ்ற், அந்நிய இனத்தவர்மீது தாம் கொண்ட வெறுப்பையும் அச்சத்தையும் தம் கதைகளிலே கலந்தவர். வீரக்கதை உலகின் ‘ஓர்க்’ என்னும் இனத்தாரை 1977இல் வெளிவந்த விதிநூல் தீயவர் என்றே வகைப்படுத்திற்று. பிறப்பினாலே ஒருவனைத் தீயவன் என்று முத்திரை குத்தியபின், அவன் குடிசைக்குத் தீயிடுவது வீரமாகிவிடுகிறது. பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பித்த சமுதாயத்திலே பிறந்த நமக்கு இந்தத் தருக்கம் புதியதன்று. 2020ஆம் ஆண்டில் அவ்விளையாட்டின் வெளியீட்டாளரே, அவ்வினத்தாரையும் ஏனைய மாந்தரைப் போலப் பலதிறப்பட்டோராகக் காட்டுவதாக அறிவித்தனர். மனிதர் வகுத்த விதியை மனிதர் மாற்றலாம் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

எனினும், நல்லெண்ணங் கொண்ட நடுவருக்கும் ஒரு சோதனை உண்டு. திரைக்குப் பின்னே உருண்ட பகடை ஒரு பாத்திரத்தின் சாவைக் காட்டுகிறது. ஆடுபவரோ பல மாதங்களாக அப்பாத்திரத்தோடு வாழ்ந்தவர். இரக்கத்தினால் எண்ணை மாற்றிச் சொல்லலாமா? சொல்லலாம் என்பாரும் உளர். மகிழ்வதற்காகக் கூடியவரை வருத்துவதேன் என்பது அவர் வாதம். நான் அதற்கு உடன்படேன். இன்று இரக்கத்தினால் மறைத்தவர் நாளை தாம் விரும்பிய முடிவுக்காகவும் மறைப்பார். அதன்பின் ஆடுவோரின் துணிவுக்கும் தியாகத்துக்கும் பொருளில்லை. அவர்கள் நடுவரின் கைப்பாவைகள். அறியாமல் அளிக்கப்படும் கருணை, பெறுபவனின் சுதந்திரத்தைப் பறித்துவிடுகிறது. விதி கொடிதாயின், ஆட்டத்துக்கு முன்னரே எல்லோருமாகக் கூடி வெளிப்படையாக அதனை மாற்றட்டும். மாற்றாது ஆடத் தொடங்கியபின், திரையை நீக்கிப் பகடையை எல்லோரும் காண உருட்டட்டும்.

கற்பனையிலே கொன்றவன் கொலைகாரன் அல்லன். ஆயினும், கொலைக்குப் பரிசளிக்கும் ஓர் உலகை அமைத்து, “அது வெறும் விதி” என்று ஒதுங்கிக்கொள்பவன் தன் பொறுப்பிலிருந்து தப்பமுடியாது. மேசையிலே அந்த வேலையைச் செய்பவர் ஒருவர். அவர் எதிரிலேயே இருக்கிறார். கேட்டால் விடை சொல்லக் கடமைப்பட்டவர். மேசைக்கு வெளியே, நாம் வாழும் உலகின் பரிசுகளையும் தண்டனைகளையும் வகுத்தோர் யாவர்? விளையாட்டை விட்டு எழும்போது இந்தக் கேள்வியும் நம்மோடு எழுமாயின், கழிந்த பொழுது வீண்பொழுதன்று.