பழைய கார்களும் உடலின் உயிர்ப்பும்

1990-ஆம் ஆண்டில் இலண்டன் உயர்நீதிமன்றத்தில் ஒரு காரின் அடையாளம் குறித்த வழக்கு நடைபெற்றது. 'ஓல்டு நம்பர் ஒன்' எனப் பெயர்பெற்ற பென்ட்லி பந்தயக் கார் அது. பிரான்சு நாட்டின் லே மான் நகரில் 24 மணி நேரம் இடைவிடாது நடைபெறும் பந்தயத்தில் 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் வென்ற வண்டி. அதன் உரிமையாளர் 1 கோடி பவுண்டுக்கு அதை விற்க உடன்பட்டிருந்தார். வாங்க உடன்பட்ட நிறுவனமோ பின்வாங்கியது. அது கூறிய காரணம் மிக எளியது: நீர் விற்பது அந்தக் கார் அன்று.

அந்த வாதத்திற்கு வலு இல்லாமல் இல்லை. லே மானில் வென்ற வண்டி அதன்பின் ஓய்ந்து நிற்கவில்லை. பந்தயத்துக்குப் பந்தயம் உறுப்புகள் கழற்றப்பட்டன, மாற்றப்பட்டன. 1932-இல் அதற்கு 8 லிட்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் 500 மைல் பந்தயத்தின்போது, சரிவான வளைவின் விளிம்பைத் தாண்டி வண்டி வெளியே பாய்ந்தது. ஓட்டிவந்த கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். சிதைந்த வண்டியை மீண்டும் கட்டினார்கள். இம்முறை சாலையில் ஓட்டுவதற்கேற்ற மூடிய காராக. நீதிமன்றத்தில் உறுப்பு உறுப்பாக ஆராய்ந்தபோது, 1929-ஆம் ஆண்டுக்குரியது என்று உறுதியாகச் சுட்டத்தக்கது ஏறக்குறைய ஒன்றுமில்லை. 1930-ஆம் ஆண்டுக்குரியவையாகப் பெடல் தண்டு, கியர்ப் பெட்டியின் கூடு, ஸ்டியரிங் தண்டு எனச் சிலவே தேறின.

ஆயினும் நீதிபதி ஆட்டன் அளித்த தீர்ப்பு விற்றவர் பக்கமே அமைந்தது. இதனை ஆதி வண்டி என்று சொல்ல இயலாது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் இது போலியும் அன்று, நகலும் அன்று. புதிய உறுப்புகள் சிறிது சிறிதாக, ஒரே வண்டியின் வாழ்வுக்குள் வந்து சேர்ந்தன. எந்த ஒரு நாளிலும் அது தன் அடையாளத்தை இழந்து நிற்கவில்லை. அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாட உலகில் வேறு வண்டியும் இல்லை. விலைக்கு வந்தது இரும்பு மட்டுமன்று, அதன் வரலாறும்தான். 'உயிர்த்தெழுந்த வண்டி' என்ற பெயரையும் நீதிபதி ஏற்கவில்லை. சாகாத ஒன்று உயிர்த்தெழ வேண்டியதில்லை அல்லவா? மறைக்கல்வி கற்பிப்போர் சிலரைவிட இவ்விடத்தில் அவர் சொற்களைக் கவனமாகக் கையாண்டிருக்கிறார் என்று நமக்குத் தோன்றியது.

செல்வந்தரின் விளையாட்டுப் பொருளுக்காக இவ்வளவு தர்க்கமா என்று வாசகர் கேட்கலாம். ஆனால் பழைய கார் ஒன்றைப் பழுதுபார்க்கத் தொடங்கும் எவரும், எவ்வளவு சிறிய பட்டறையாயினும், இதே கேள்வியை முதல் வாரத்திலேயே சந்திக்கிறார். 'விண்டேஜ்' என்னும் சொல் திராட்சை அறுவடையிலிருந்து வந்தது; எந்த ஆண்டின் இரசம் என்பதைக் குறிப்பது. ஆங்கிலேயர் 1919 முதல் 1930 வரை செய்யப்பட்ட கார்களுக்கு அப்பெயரை வழங்கினர். அவையும் அவற்றுக்கு முந்தியவையும் பெரும்பாலும் குதிரை வண்டி செய்த தச்சர்களின் மரபில் உருவானவை. மரச் சட்டத்தின்மேல் தகடு போர்த்தி, தோலும் குதிரை மயிரும் வைத்து இருக்கை தைத்து, வண்ணத்தைத் தூரிகையால் பல பூச்சுகளாகப் பூசி, ஒவ்வொன்றையும் நாள்கணக்கில் உலரவிட்டுச் செய்தார்கள். மரம் உளுத்துவிடும். தோல் வெடித்துவிடும். உளுத்த மரத்தை எடுத்துவிட்டுப் புது மரம் வைத்தால் அது அதே காரா? எத்தனை சட்டங்கள் வரை மாற்றலாம்?

தொடக்ககாலக் கார்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. தொழிலாளி அரத்தால் உரசி உரசிப் பொருத்திய உறுப்பு, அதே பட்டறையில் செய்த அடுத்த காருக்குப் பொருந்தாது. 1908-இல் இதே புரூக்லண்ட்ஸில் ஒரு சோதனை நடந்தது. அமெரிக்காவின் கேடிலாக் நிறுவனத்தின் 3 கார்களை முழுவதும் பிரித்து, உறுப்புகளையெல்லாம் ஒரே குவியலாகக் கலந்தார்கள். அக்குவியலிலிருந்து 89 உறுப்புகளை நீக்கிவிட்டு, விற்பனையாளரின் கையிருப்பிலிருந்து வேறு 89 உறுப்புகளைச் சேர்த்தார்கள். பின்பு திருகாணிச் சாவிகளைக் கொண்டே மூன்றையும் மீண்டும் பூட்டி, 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். அதற்காக அந்நிறுவனத்துக்கு டூவர் கோப்பை வழங்கப்பட்டது. எழுந்து ஓடிய மூன்றில் எது எது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவையே இல்லாமற் போனதற்குத்தான் அந்தப் பரிசு.

தொழில்துறைக்கு அது பெரும் வெற்றி. மனிதரைப் பற்றியும் அவ்வாறே எண்ணும் பழக்கம் அத்துடன் வந்துவிட்டதோ என்பதே நம் கவலை. ஓர் ஊழியர் ஓய்வுபெற்றால் இன்னொருவர். மாற்றிப் பொருத்தினால் ஓடுகிறது. பிறகு என்ன குறை?

உடலின் உயிர்ப்பை ஞாயிறுதோறும் நாம் அறிக்கையிடுகிறோம். எந்த உடல் என்று நம்மில் எத்தனை பேர் நின்று கேட்டிருக்கிறோம்? திருச்சபையின் தந்தையர் கேட்டார்கள். புனித அகுஸ்தினார் 'கடவுளின் நகரம்' நூலின் கடைசிப் பகுதியில், வெட்டியெறிந்த நகமும் முடியும் என்னவாகும் என்பது முதலாக, ஏளனக்காரர் எழுப்பிய கேள்விகளையெல்லாம் பொறுமையாக எடுத்துப் பேசுகிறார். புனித தாமஸ் அக்குவினாஸ் இன்னும் ஆழமாகச் சென்றார். உயிரோடு இருக்கும்போதே நம் உடலின் பொருள் ஓயாது வருவதும் போவதுமாக இருக்கிறது என்பதை அவர் கண்டார். அடுப்பில் விறகு எரிந்து தீரத் தீர வேறு விறகு வைக்கிறோம். ஆயினும் அதே நெருப்பு என்கிறோம். ஒரே மனிதராக நம்மை வைத்திருப்பது பொருள்களின் கூட்டம் அன்று, அவற்றுக்கு வடிவம் தரும் ஆன்மா.

காருக்கு ஆன்மா இல்லை. அதன் அடையாளத்தைக் காப்பவை பதிவேடுகளும் புகைப்படங்களும் பார்த்தவர்களின் நினைவும். எல்லாம் அதற்கு வெளியே இருப்பவை. அந்தத் தொடர்ச்சி ஒருநாள் அறுந்திருந்தால் நீதிபதி ஆட்டனும் வேறு தீர்ப்பே சொல்லியிருப்பார். மனிதருக்கோ கல்லறை என்னும் அறுபடல் உறுதியாக வருகிறது. அந்த இடைவெளியில் ஆன்மா அழியாது நிற்கிறது, இறைவனின் கரம் அதைத் தாங்குகிறது என்பதே நம் நம்பிக்கையின் விடை. சிதறிய துகள்களைத் தேடிப் பொறுக்கிச் சேர்ப்பவராக இறைவனைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை.

இனி அடுத்த கேள்வி. மீட்கப்பட்டது எப்படித் தோற்றமளிக்க வேண்டும்? புத்தம் புதிதாகவா?

நெடுங்காலம் கார் ஆர்வலர்கள் அப்படித்தான் எண்ணினர். பழைய வண்ணத்தைச் சுரண்டி எறிந்தார்கள். நிக்கல் பூச்சு இருந்த இடத்தில் குரோமியத்தைப் பளபளக்கச் செய்தார்கள். தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில்கூட அவை அவ்வளவு மினுங்கியிருக்கமாட்டா. அது மரியாதை போலத் தோன்றும் ஒரு பொய் என்பது நம் எண்ணம். அண்மைக்காலத்தில் பார்வை மாறியிருக்கிறது. பழங்கட்டடங்களுக்காக 1964-இல் எழுதப்பட்ட வெனிஸ் சாசனத்தைப் பின்பற்றி, பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 2012-இல் டூரின் சாசனத்தை ஏற்றுக்கொண்டது. இருப்பதைக் காப்பதே முதல் கடமை. புதுப்பிப்பது அதற்குப் பின்னரே. மாற்றிய உறுப்பு மாற்றியது என்று அடையாளம் தெரியவேண்டும் என்பன அதன் நோக்கு. இந்தக் கடைசி விதி நமக்கு மிகவும் பிடித்தது.

இதை எல்லைவரை கொண்டுசென்ற ஒரு கார் உண்டு. சுவிட்சர்லாந்தின் அஸ்கோனா ஊருக்கருகே, மஜ்ஜோரே ஏரியில், 1930-களில் ஒரு புகாட்டி காரைச் சுங்க அதிகாரிகள் மூழ்கடித்தார்கள். 1925-ஆம் ஆண்டைச் சேர்ந்த வண்டி. செலுத்தவேண்டிய சுங்கவரி அதன் மதிப்பைவிடக் கூடுதலாகிவிட்டதாம்! சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டார்கள்; சங்கிலி துருப்பிடித்து அறுந்து, கார் 53 மீட்டர் ஆழத்தில் அடித்தளத்தைச் சேர்ந்தது. 2009-ஆம் ஆண்டு ஜூலையில் அவ்வூர் முக்குளிப்பவர்கள் அதை மேலே கொணர்ந்தார்கள். வன்முறையில் உயிரிழந்த இளைஞர் ஒருவரின் நினைவாக அமைந்த அறக்கட்டளைக்கு நிதி திரட்டவே அந்த முயற்சி. மறு ஆண்டு பாரிசில் ஏலம் விட்டபோது 2,60,500 யூரோ கிடைத்தது. சேற்றில் புதைந்திருந்த பக்கம் ஓரளவு தப்பியிருந்தது. மறுபக்கத்தை ஏரி தின்றுவிட்டிருந்தது. வாங்கியவர் பெரும் செல்வர். பணம் கொடுத்து ஒரு புதிய புகாட்டியைப் போலவே அதை ஆக்கியிருக்கலாம். தொடாமல் அப்படியே காட்சிக்கு வைத்தார்.

அவரது முடிவு எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் என்று நாம் சொல்லவில்லை. அந்தப் புகாட்டி இனி ஓடாது. ஓடவேண்டிய ஒன்று ஓடாமல் நிற்பது குறையே. பழுதுபார்ப்பவரின் கைகளை நாம் குறைத்து மதிப்பிடவுமில்லை. ஆனால் யோவான் எழுதிய நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். சாவை வென்ற உடல் தோமாவின் முன் நிற்கிறது. அதற்கு இனி வலி இல்லை, மரணம் இல்லை, பூட்டிய கதவும் தடையில்லை. ஆயினும் ஆணித் தழும்புகளும் விலாக் காயமும் இருக்கின்றன. அவற்றை மறைத்து எழ இறைமகனால் இயலாதா? தந்தையின் கை தம் மகனின் உடலைப் புதியதாக்கியபோது அந்தத் துளைகளை அடைத்துவிடவில்லை. இரத்தம் நின்றது, வரலாறு நின்றது.

ஓர் அம்மா நம்மிடம் ஒருமுறை கேட்டார்: "சாமி, உயிர்த்து வரும்போது என் பிள்ளை எந்த வயசில வருவான்?" நான்கு வயதில் காய்ச்சலில் இறந்த மகன், இறந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அகுஸ்தினார் இதற்கு விடை தந்திருக்கிறார். சிறு பருவத்தில் இறந்தோர், தாம் வளர்ந்து அடைந்திருக்கக்கூடிய முழுமையோடு எழுவார்கள் என்பது அவர் கருத்து. அதையே சொன்னோம். அம்மாவின் முகம் வாடியது. "வளர்ந்து வந்தா எனக்கு எப்படி அடையாளம் தெரியும்?" என்றார்.

நியாயமான கேள்வி. மேதைகளின் விடையில் தாயின் கண் சேரவில்லை. மகதலா மரியா உயிர்த்த ஆண்டவரைக் கண்டபோது தோட்டக்காரர் என்றே எண்ணினார்; பெயர் சொல்லி அழைத்த பிறகுதான் தெரிந்துகொண்டார். எம்மாவு செல்லும் வழியில் இருவர் நெடுந்தூரம் உடன் நடந்தும் அறியவில்லை. அப்பம் பிட்கையில் அறிந்தார்கள். தோமா தழும்பைக் கொண்டு அறிந்தார். முகத்தைப் பார்த்த உடனே இவர்களுள் எவரும் அறியவில்லை. இவற்றை அந்த அம்மாவுக்கு எடுத்துச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, மகன் நடை பழகிய நாளில் அம்மிக்கல்லின்மேல் விழுந்து புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருந்ததென்றும், அது இருக்குமா என்றும் கேட்டார்.

மறைசாட்சிகளின் தழும்புகள் விண்ணகத்திலும் அழகாக விளங்கும் என்று அகுஸ்தினார் எழுதியிருக்கிறார். அவர் மறைசாட்சிகளோடு நிறுத்திக்கொண்டார். நாம் அதை அந்தச் சிறுவனின் புருவம்வரை நீட்டி, இருக்கும் அம்மா என்றோம். இறையியலார் எவரேனும் இதை மறுப்பாராயின், அவர் தரப்பைக் கேட்க ஆயத்தமாக இருக்கிறோம்.