தீராத நோயும் அய்யா மேல் வைத்த நம்பிக்கையும்

எங்கள் ஊர் நிழல் தாங்கலில் பல வருடமாகப் பணிவிடை செய்து வருகிறேன். பெரிய படிப்பு இல்லை, பள்ளிக்கூடப் படிப்போடு சரி. போன கார்த்திகையில் திருஏடு வாசிப்பு நடந்த நாட்களில் எனக்கு முதுகு வலி வந்தது. உம்பான் சோறு அண்டாவைத் தூக்கியதில் பிடித்துக் கொண்டது என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன். வலி விடவில்லை. ரத்தப் பரிசோதனையில் ரத்தம் மிகவும் குறைந்திருந்தது. பிறகு இடுப்பு எலும்பில் ஊசி குத்தி மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். மைலோமா என்றார்கள். எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோய். எலும்பை அரிக்கும், ரத்தத்தைக் குறைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: "இதை முழுசா தீர்க்க முடியாது. ஆனா மருந்து கொடுத்து அடக்கி வைக்கலாம்." முதல் வாக்கியம் மட்டும்தான் அன்று என் காதில் விழுந்தது. இரண்டாவது வாக்கியம் காதில் விழப் பல நாள் ஆயிற்று.

அந்த நாட்களில் பள்ளியறைக்கு முன்னால் நிற்கவே எனக்கு மனமில்லை. எத்தனையோ நோயாளிகளுக்குத் திருநாமம் இட்டு, "ஒண்ணும் ஆகாது, அய்யா பாத்துக்குவார்" என்று சொல்லி அனுப்பிய கை இது. எனக்கு வந்தபோது அந்த வார்த்தை எனக்கே போதவில்லை. அப்போது மூன்று கேள்விகள் என்னைப் பிடித்து ஆட்டின. நம் மக்களில் பலருக்கும் இதே கேள்விகள் இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

முதல் கேள்வி: நான் என்ன பாவம் செய்தேன்?

வினையைப் பற்றி ஏடு பேசுகிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். 1833-ஆம் ஆண்டு, கொல்லம் 1008 மாசி மாதம், நோயில் கிடந்த மகனைத் தொட்டில் கட்டித் திருச்செந்தூருக்குச் சுமந்து கொண்டு போனார்கள். தாயார் வெயிலாள் அம்மை அழுதுகொண்டு கூடவே நடந்தார். வழியில் நின்று பார்த்தவர்கள், "பாவம், என்ன வினையோ" என்றுதான் சொல்லியிருப்பார்கள். அந்தப் பயணம் எங்கே போய் முடியும் என்று அவர்களில் யாருக்குத் தெரியும்? நோயைப் பார்த்து ஒருவனுக்கு வினைக் கணக்கு எழுதும் வேலையை அய்யா நம்மிடம் தரவில்லை. நான் அந்தக் கணக்கை எழுதுவதை விட்டுவிட்டேன். எனக்கு எழுத வந்தவர்களையும் நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

இரண்டாம் கேள்வி: அய்யாவின் மண்ணும் தண்ணீரும் இருக்க, ஊசி எதற்கு?

இதை ஓர் அன்பர் நேராகவே கேட்டார். "அண்ணே, நீங்களே ஆசுபத்திரிக்குப் போனா, நம்பி வாறவன் என்ன நினைப்பான்?" என்றார். அன்று எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாங்கலில் உலை வைக்கும்போது பதில் கிடைத்தது. சோறு அய்யாவின் தர்மம் என்கிறோம். அதற்காக அரிசியைப் பள்ளியறையில் வைத்துவிட்டு வேகட்டும் என்று காத்திருக்கிறோமா? விறகு அடுக்குகிறோம், தீ மூட்டுகிறோம், பதம் பார்த்து வடிக்கிறோம். தீ மூட்டுவது நம்பிக்கைக் குறைவு என்று யாரும் சொன்னதில்லை. மருந்தும் அப்படித்தான். காலையில் திருநாமம் தரித்து, அய்யாவின் பதம் குடித்துவிட்டுத்தான் ஆசுபத்திரி பஸ்ஸில் ஏறுகிறேன். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அய்யா என்னிடம் கேட்கவில்லை. மனிதர்கள்தான் கேட்கிறார்கள். நேர்ச்சை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று கட்டியோடு மாதக்கணக்கில் காத்திருக்கும் தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். தயவு செய்து காத்திருக்காதீர்கள். நேர்ச்சையும் நடக்கட்டும், பரிசோதனையும் நடக்கட்டும்.

மூன்றாம் கேள்விதான் கடினமானது: தீராது என்று ஆன பிறகு சிகிச்சை எதற்கு?

என் தோப்பில் பதில் இருந்தது. நம் பக்கத்துத் தென்னைக்கு வரும் வேர் வாடல் நோய் உங்களுக்குத் தெரியும். ஓலை தொங்கும், மஞ்சளாகும். அதைத் தீர்க்க மருந்து கிடையாது. நோய் முற்றிக் காய்ப்பு நின்ற மரத்தை வெட்டத்தான் வேண்டும். ஆனால் லேசாகத் தொட்ட மரத்தை நாம் வெட்டுவதில்லை. தழை போடுகிறோம், உரம் வைக்கிறோம், தண்ணீர் பாய்ச்சுகிறோம். அது பிறகும் வருடக்கணக்கில் காய்க்கிறது. அந்தத் தேங்காயில் நோய் ருசிப்பதில்லை. தீராத நோய் என்றால் நாளையே சாவு என்று நான் நினைத்தது தவறு. எத்தனை வருடம் என்று டாக்டரிடம் கேட்டேன். ஆளுக்கு ஆள் மாறும் என்றார். ஒரு மருந்து கேட்காமல் போனால் அடுத்த மருந்து உண்டு என்றார். யோசித்துப் பார்த்தால், எத்தனை வருடம் என்று நோயில்லாத ஒருவருக்கும் சொல்லப்பட்டதில்லை.

முதல் ஊசி நாளைப் பற்றிச் சொல்கிறேன், பயப்படுகிறவர்களுக்கு உதவும். முந்தின இரவு நான் தூங்கவில்லை. போய்ப் பார்த்தால் வயிற்றுத் தோலில் போடும் சின்ன ஊசி. போட்டது ஒரு நிமிடம், காத்திருந்தது நாலு மணி நேரம். அதோடு ஸ்டீராய்டு மாத்திரை. அது சாப்பிடும் நாளில் இரவு முழுக்க விழிப்பு. சில வாரம் கழித்துப் பாதம் மரத்தது. அதைச் சொன்னதும் மருந்தின் அளவைக் குறைத்தார்கள். எதையும் அடக்கிக் கொள்ளாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பொறுமை என்பது வாயை மூடிக்கொண்டு வேதனைப்படுவது அல்ல. வலிக்கு மாத்திரை கேட்பதும் தோல்வி அல்ல. சிலருக்கு நோய் மருந்துக்கு அடங்காத கட்டம் வரும். அப்போதும் வலியைத் தணிக்கும் சிகிச்சை உண்டு. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

வீட்டில் முதலில் எனக்குத் தெரியாமல் மறைக்கப் பார்த்தார்கள். மகள் போனில் பேசும்போது வெளியே போவாள். தம்பி என் முகத்தைப் பார்க்காமல் பேசுவான். எனக்கு அதுதான் நோயைவிடப் பெரிய தனிமையாக இருந்தது. நானே டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வீட்டில் சொன்னேன். என் மனைவி, "அழணும்னா சேர்ந்தே அழுவோம், ஒளிச்சு அழ வேண்டாம்" என்றாள். அன்றுதான் வீடு மறுபடி வீடானது.

இப்போது பள்ளியறைக் கண்ணாடி முன் நிற்கிறேன். அதில் தெரிவது மெலிந்து, முகம் வெளிறிய ஒருவன். நோய்க்கு முன் நான் நின்ற அதே இடத்தில் அவன் நிற்கிறான். உன்னுள்ளே இறைவன் என்று அந்தக் கண்ணாடி சொல்வது திடமான உடம்புக்கு மட்டும் என்றால், முதியவர்களும் நோயாளிகளும் எங்கே போவார்கள்? நோய் வந்ததால் அய்யா என்னை விட்டு இறங்கிப் போகவில்லை என்பதை அந்தக் கண்ணாடியில் தினமும் பார்த்துக் கொள்கிறேன். சில நாள் நம்பிக்கையோடு பார்க்கிறேன். சில நாள் அழுகையோடு பார்க்கிறேன். இரண்டு நாளும் பணிவிடை நாள்தான்.

அன்புக்கொடி மக்களே, நோயாளி வீட்டுக்குப் போகும்போது பத்து வைத்தியம் சொல்லாதீர்கள். சளி, காய்ச்சல் இருந்தால் போகாதீர்கள், சிகிச்சையில் இருப்பவர்களுக்கு அது ஆபத்து. நேரம் இருந்தால் ஆசுபத்திரிக்குத் துணைக்குப் போங்கள். காப்பீட்டுத் திட்டத்துக்குக் காகிதம் சரிசெய்து கொடுங்கள். "அய்யா பாத்துக்குவார்" என்று சொல்லுங்கள், சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கூட உட்காருங்கள். அப்போதுதான் அந்த வார்த்தை முழுதாகும். முன்பு நான் உட்காரவில்லை. அதற்காக வருந்துகிறேன்.

குணமாக வேண்டும் என்று இன்றும் கேட்கிறேன், அதில் வெட்கமில்லை. அதோடு, இன்று உகப்படிப்புக்கு எழுந்திருக்கப் பலம் தாரும் அய்யா என்றும் கேட்கிறேன். அண்டாவைப் பிள்ளைகள் தூக்குகிறார்கள். நான் உட்கார்ந்து காய் நறுக்குகிறேன்.

அய்யா உண்டு.