செடிதானே!

மார்பகப் புற்றுநோயோடு போராடும் பெண்ணுக்கு, டாக்டருக்குத் தெரியாமல் மஞ்சளை உருண்டை உருண்டையாக விழுங்கக் கொடுக்கும் அன்பு நம் வீடுகளில் உண்டு. "செடிதானே, என்ன செய்துவிடும்?" என்பார்கள். அந்த அன்பைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. ஆனால், நோயைத் தீர்க்கும் வலிமை செடிக்கு உண்டென்று நம்புகிறவர்கள், கெடுக்கும் வலிமை மட்டும் அதற்கு இல்லை என்கிறார்களே, அது எந்த நியாயம்?

வலிமை உண்டுதான். டாக்டர் ஊசிவழி ஏற்றும் பாக்லிடாக்ஸலே அமெரிக்க மேற்குக் கரைக் காட்டிலுள்ள யூ மரத்தின் பட்டையில் கிடைத்தது. பட்டையைச் சேகரித்தது 1962-ல். மார்பகப் புற்றுக்கு அங்கே அனுமதி கிடைத்தது 1994-ல். செடியை மருந்தென்று சொல்ல 32 ஆண்டுகள்!

மஞ்சளையும் சோதித்தார்கள். 1970-ல் அமெரிக்கக் கன்னிகாஸ்திரீ ஒருவரின் நோயுற்ற உடலிலிருந்து எடுத்த புற்று அணுக்கள், எம்.சி.எஃப்-7 என்ற பெயரில் இன்றும் ஆய்வுக்கூடங்களில் வாழ்கின்றன. (அந்த அம்மையார் அதே ஆண்டில் மறைந்துவிட்டார்.) அவற்றின்மேல் மஞ்சளின் சாரமான குர்க்குமினையும் புற்று மருந்துகளையும் சேர்த்து விட்டுப் பார்த்தார்கள். சில சோதனைகளில் இரண்டும் கைகோத்து நின்றன. 2002-ல் வெளியான ஓர் ஆய்விலோ, டாக்ஸோரூபிசினால் மடிய வேண்டிய அணுக்களைக் குர்க்குமின் காப்பாற்றிவிட்டது! எலிகளிலும் வேறொரு மருந்தின் வேகம் அதனால் குன்றியது. குழம்பு மஞ்சளைக் கண்டு யாரும் நடுங்க வேண்டாம். நான் சொல்வது ஒளித்துக் கொடுக்கும் உருண்டையை.

கட்டி கரையாவிட்டால் டாக்டர் தம் மருந்தைத்தான் சந்தேகிப்பார். அதை மாற்றுவார்; இன்னும் கடுமையானதைக் கொடுப்பார். அடுக்களை டப்பா அவர் கண்ணில் படாது. அந்தக் கடுமையைத் தாங்கப்போகிறவள் அவள். மறைக்கலாமா என்று அவளை யார் கேட்டார்கள்?