ஓதப் போனவன் உண்ணும் ரொட்டி

பிறர் பொருளில் உண்டு, பிறர் கொடுத்த அறையில் உறங்கி, அயல்நாட்டில் அரபி மொழி பயிலும் மாணவனுடைய நாள் அவனுக்கே சொந்தமானதா? இப்படி ஒரு கேள்வியை நம்மிடம் யாரும் கேட்பதில்லை. நம் மதரஸாக்களில் ஸனது வாங்கிக்கொண்டு கெய்ரோ அல்அஸ்ஹருக்குப் போக விரும்பும் பிள்ளைகள், உதவித்தொகை எவ்வளவு, குளிர் தாங்குமா, சோறு கிடைக்குமா என்றுதான் கேட்கிறார்கள். பெற்றோர் கேட்பதும் இவற்றையே. கேட்க வேண்டியவைதாம். ஆயினும் அங்கே சில ஆண்டுகள் ஓதித் திரும்பிய நமக்கு, இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது மேலே சொன்ன கேள்வி என்றே படுகிறது.

அல்அஸ்ஹர் பள்ளிவாசல் கி.பி. 972இல் தொழுகைக்குத் திறக்கப்பட்டது. பிற்காலத்தில் அங்கே ஓத வந்த வெளியூர், வெளிநாட்டு மாணவர்கள் 'ரிவாக்' எனப்படும் பகுதிகளில் தங்கினார்கள். துருக்கியருக்கு ஒன்று, ஷாம் நாட்டாருக்கு ஒன்று, மக்ரிபியருக்கு ஒன்று, ஜாவா நாட்டாருக்கு ஒன்று. இந்தியர்களுக்கும் ஒன்று இருந்தது. செல்வந்தர்கள் வக்ஃபு செய்து வைத்த சொத்துக்களின் வருவாயிலிருந்து மாணவர்களுக்கு ரொட்டி கொடுக்கப்பட்டது. அந்தப் பங்குக்கு 'ஜிராயா' என்று பெயர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு ஓதிய தாஹா ஹுஸைன், அந்த ரொட்டியில் வைக்கோலும் சிறு கற்களும் பூச்சிகளும் கிடந்ததைத் தம் வாழ்க்கைக் கதையில் எழுதி வைத்திருக்கிறார். அவருடைய கருத்துக்கள் பலவற்றை உலமாக்கள் மறுத்திருக்கிறார்கள். ரொட்டியைப் பற்றி அவர் சொன்னதை மறுத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை!

இன்று நிலைமை வேறு. 1959இல் திறக்கப்பட்ட 'மதீனத்துல் புஊஸில் இஸ்லாமிய்யா' என்னும் மாணவர் நகரில் கட்டிலும் உணவும் கிடைக்கின்றன. கைச்செலவுக்கு ஒரு சிறு தொகையும் உண்டு. 1950களில் வக்ஃபுகளின் நிர்வாகம் அரசாங்கத்தின் கைக்குப் போய்விட்டது. ஆகவே இன்று மாணவன் உண்ணும் ரொட்டியில் பழைய தர்மவான்களின் பங்கோடு அந்நாட்டு மக்களின் வரிப்பணமும் கலந்திருக்கிறது.

அந்த மக்கள் யார்? நாம் கிதாபுகளில் 'குப்ஸ்' என்று படித்த ரொட்டியை அவர்கள் 'ஐஷ்' என்பார்கள். வாழ்வு என்று அதற்குப் பொருள். 1977 ஜனவரியில் ரொட்டி முதலான பண்டங்களுக்கு அரசு தந்துவந்த மானியத்தைக் குறைப்பதாக அறிவித்தபோது, மக்கள் தெருவில் இறங்கினார்கள், உயிர்கள் போயின, அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. மானிய ரொட்டியின் விலை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக 5 கிர்ஷாகவே நின்று, 2024 ஜூன் மாதம்தான் 20 கிர்ஷாக உயர்ந்தது. கடை வாசலில் அந்த ரொட்டிக்காக வரிசையில் நிற்கும் முதியவர்களைத் தாண்டித்தான் மாணவன் வகுப்புக்குப் போகிறான்.

இனி அவனுடைய நாளைப் பார்ப்போம். ஸுப்ஹு தொழுதுவிட்டு, அவித்த அவரை வகையான 'ஃபூல்' தொட்டு ரொட்டி தின்றுவிட்டு வகுப்புக்குப் போகிறான். ஊரில் ஏழாண்டு நஹ்வும் ஸர்ஃபும் ஓதியவன். ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் எழுத்துக்கு எழுத்து இஃராபு சொல்லுவான். ஆனால் தெருவில் தக்காளி வாங்கத் தெரியாது. கெய்ரோவாசிகள் 'ஜீம்' எழுத்தைக் 'காந்தி' என்ற சொல்லின் முதல் எழுத்துப் போல ஒலிப்பார்கள். 'காஃப்' எழுத்தையோ பெரும்பாலும் விழுங்கியே விடுவார்கள். 'கல்ப்' என்னும் இதயம் அங்கே 'அல்ப்' ஆகிவிடும். இவன் இலக்கணம் பிசகாமல் விலை கேட்டால் கடைக்காரர் சிரிக்கிறார்; அவர் சொல்லும் பதில் இவனுக்குப் புரிவதில்லை. இவனுக்கு வெட்கமாகிப் போகிறது.

இந்த வெட்கத்தில்தான் பலருடைய ஓதல் திசை மாறுகிறது என்பது நமது கணிப்பு. அஸருக்குப் பிறகு அல்அஸ்ஹர் பள்ளியிலேயே உஸ்தாதுமார்கள் அமர்ந்து கிதாபு நடத்துகிறார்கள். யாரும் போய் உட்காரலாம். ஆனால் வெட்கப்பட்டவன் அறைக்குத் திரும்பி விடுகிறான். அங்கே தமிழ்ப் பிள்ளைகள் நாலு பேர் கூடிச் சோறாக்கி ரசம் வைத்திருப்பார்கள். பேச்சு நீளும். முன்பெல்லாம் ஊரிலிருந்து கடிதம் வர வாரக்கணக்கில் ஆகும். இப்போது ஊரே கைப்பேசிக்குள் குடியிருக்கிறது. மஹல்லாத் தகராறு முதல் மச்சான் கல்யாணம் வரை எல்லாம் உடனுக்குடன் வந்து சேர்கின்றன. பரீட்சை நெருங்கியதும் பாட நூலின் சுருக்கத்தை மனனம் செய்து எழுதித் தேறியும் விடுகிறான். ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பும்போது கையில் பட்டம் இருக்கிறது. நாவில் அரபி இல்லை. இதைவிட மோசம், நாவில் அரபி ஏறாதவனே அந்தக் கடைக்காரரின் அரபியைக் கொச்சை என்று கேலி செய்வது. கேலி செய்கிறவன் உண்பதில் அந்தக் கடைக்காரரின் காசும் இருக்கிறது.

அப்படியானால் தாய்மொழியில் பேசுவது குற்றமா? அப்படிச் சொல்ல நமக்கு மனமில்லை. மனிதனுக்கு ஏக்கம் உண்டு. நோயுற்றால் தாயின் மொழியில்தான் முனகுவான். முன்னோர்கள் ரிவாக்குகளை நாட்டு வாரியாகப் பிரித்ததே இதை அறிந்துதான் போலும். ஆனால் உறக்கமும் உறவாடலும் ரிவாக்கிலே இருந்தன. பாடமோ பள்ளியின் தூணடியில், எல்லா நாட்டாரும் கலந்து அமர்ந்த வட்டத்திலே இருந்தது. இன்று சிலருக்கு ரிவாக்கு மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

இங்கே இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மாணவப் பருவத்தைக் கவனிக்க வேண்டும். நவா என்னும் சிற்றூரிலிருந்து ஹிஜ்ரி 649இல் (கி.பி. 1251) டமாஸ்கஸ் வந்து, ரவாஹிய்யா மதரஸாவில் தங்கினார்கள். அங்கே அவர்களுக்கு உணவு, அந்த மதரஸாவின் ஜிராயா மட்டுமே. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பாடங்கள் ஓதினார்கள். அதே இமாம் டமாஸ்கஸின் பழங்களை உண்ணாமல் தவிர்ந்துகொண்டார்கள். அவ்வூர்த் தோட்டங்களில் வக்ஃபுச் சொத்துக்களும் அநாதைகள் போன்றோரின் சொத்துக்களும் மிகுதி, அவை முறையாக ஆளப்படுகின்றனவா என்ற ஐயம் இருந்தது என்று அவர்களின் மாணவர் இப்னுல் அத்தார் எழுதி வைத்துள்ளார். மக்கள் இதைப் பேணுதலுக்கு உதாரணமாகச் சொல்லிவிட்டு நகர்ந்து விடுகிறார்கள். நமக்கோ அதில் வேறொன்று தெரிகிறது. வக்ஃபுப் பழத்தை அஞ்சியவர்கள் வக்ஃபு ரொட்டியை அஞ்சவில்லையே, ஏன்? அந்த ரொட்டி ஓதுகிறவனுக்கென்றே வைக்கப்பட்டது, அவர்கள் ஓதினார்கள். தாம் எந்தப் பெயரால் உண்கிறோமோ அந்தப் பெயருக்கு உரியவராக இருந்தார்கள்.

"என் நிய்யத்து நல்லதுதான், அல்லாஹ் அறிவான்" என்று ஒரு மாணவன் சொல்லலாம். நிய்யத்து அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடைப்பட்டது. ரொட்டியிலோ மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார்; அவர் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். வக்ஃபு செய்தவரின் நிபந்தனையைப் பேணுவது கட்டாயம் என்று ஃபுகஹாக்கள் கூறுகிறார்கள். ஓதுகிறவன் என்ற தன்மைக்காகத் தரப்பட்டது அந்தத் தன்மை நீங்கியவனுக்கு எப்படிச் சேரும்? எல்லோரும் பன்னிரண்டு பாடம் ஓத வேண்டும் என்பதல்ல இதன் பொருள். உறக்கத்துக்கும் ஓய்வுக்கும் உடலுக்கு உரிமை உண்டு. களைத்தவன் நண்பர்களோடு சிரித்துப் பேசுவதும் ஓதலுக்கு உதவியே. பாடம் தவறாமல் போகிறவன், மொழி வசப்படாவிட்டாலும், உரியவனே. அவனுடைய அறிவின் அளவைக் கேட்டு யாரும் ரொட்டி கொடுக்கவில்லை. நாம் பேசுவது, ஓதுவதை விட்டுவிட்டு ஓதுகிறவனுடைய தட்டில் உண்பவனைப் பற்றி.

கடைசியாக, பலரும் நம்மிடம் தனியாகக் கேட்கும் ஒன்று. உதவித்தொகையில் மிச்சம் பிடித்து ஊரிலுள்ள தாய்க்கு அனுப்பலாமா? ஓதிக்கொண்டிருப்பவனாயின், தாராளமாக அனுப்பலாம். கையில் கொடுக்கப்பட்ட பணம் அவனுக்கு உடைமையாகி விட்டது. தன் வயிற்றைக் குறைத்துத் தாய்க்கு அனுப்புவது நன்மையும்கூட. உணவும் அறையும் அப்படியல்ல. விருந்தாளி முன் வைத்த உணவை அவன் உண்ணலாம், விற்க முடியாது; அதுபோல இவை அனுபவிக்க மட்டுமே தரப்பட்டவை. தன் உணவுப் பங்கை விற்பதும், தான் வெளியே தங்கிக்கொண்டு கட்டிலை மாணவரல்லாத ஒருவருக்கு உள்வாடகைக்கு விடுவதும் கூடாது. அந்தக் கட்டில் கிடைக்காமல், வாடகை வீடுகளில் நெருக்கிக்கொண்டு ஓதும் ஆப்பிரிக்க, மலாய் நாட்டுப் பிள்ளைகள் அதே நகரில் ஏராளமாக இருக்கிறார்கள்.