உண்ணாமையும் குற்றமும்: இரோம் சர்மிளாவின் சிறைவாழ்வு எழுப்பும் அறவினா

உணவைத் துறத்தல் எப்போது குற்றமாகும் என்னும் அறவினாவை, மணிப்பூரைச் சேர்ந்த இரோம் சர்மிளாவின் சிறைவாழ்வை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2000 நவம்பர் 2 அன்று இம்பாலை அடுத்த மாலோமில், அசாம் ரைபிள்ஸ் படையினர் சுட்டதில் பொதுமக்கள் 10 பேர் இறந்தனர். ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தை நீக்கக் கோரிச் சர்மிளா உண்ணாநோன்பு மேற்கொண்டார். தற்கொலை முயற்சி எனக் கூறி, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவின்கீழ் அவரைக் கைது செய்தனர். அப்பிரிவின் உச்சத் தண்டனை ஓராண்டே ஆதலின், விடுவிப்பதும் மீண்டும் கைது செய்வதும் வழக்கமாயிற்று. மூக்குக்குழாய் வழியே உணவு செலுத்தப்பட்டது. மருத்துவமனை அறையே சிறையாயிற்று. 2016 ஆகஸ்டு 9 அன்று அவர் நோன்பை முடித்தார்.

தமிழ் மரபு அறிந்த வடக்கிருத்தலோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு புலனாகும். வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன் எதிர்நோக்கியது நண்பர் பிசிராந்தையாரின் வருகையை. எவருடைய இணக்கத்தையும் அன்று. அங்கு உண்ணாமையின் முடிவு இறப்பே. சர்மிளாவின் நோன்போ நிபந்தனை உடையது. விடையை வேண்டி நிற்பது. தாம் வாழ விரும்புவதாக அவர் நீதிமன்றத்திலேயே கூறினார். புறத்தே செயல் ஒன்றாயினும் அகத்தே நோக்கம் வேறு. 2014 ஆகஸ்டில் மணிப்பூர் அமர்வு நீதிமன்றம் இது தற்கொலை முயற்சியன்று எனக் கூறி அவரை விடுவித்தது. இரு நாள்களில் அவர் மீண்டும் கைதானார்.

உயிர் காப்பது அரசின் கடமையன்றோ எனலாம். கடமைதான். ஆயின் உயிர்காக்க மருத்துவம் வேண்டும். குற்றவாளி என்னும் பெயர் வேண்டுவதில்லை. மேலும், நோன்பிருப்போர் கேட்பதையெல்லாம் அரசு தந்தாக வேண்டும் என்பதும் அறமாகாது. கொடுத்தல் வேறு, விடையளித்தல் வேறு. மறுப்பதாயினும் காரணம் கூறி மறுப்பதே அறம். கேட்டவரையே குற்றவாளி ஆக்குங்கால், வினா அவர்மேல் திரும்புகிறது. விடை கூற வேண்டியவர் காவலராக மாறிவிடுகிறார்.

2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309ஆம் பிரிவு இல்லை. எனினும், பொது ஊழியரை நெருக்கும் நோக்குடன் செய்யும் தற்கொலை முயற்சியை அதன் 226ஆம் பிரிவு குற்றமாகவே வைத்துள்ளது. துயரால் உயிர்விட முனைவோர்க்குக் கிடைத்த விலக்கு, நீதி கேட்டு உண்ணாதிருப்போர்க்குக் கிடைக்குமா என்பது ஐயமே. ஆதலின் சர்மிளாவின் வழக்கு முடிந்தது. அவர் வாழ்வு எழுப்பிய வினா முடியவில்லை எனலாம்.