படத்துக்கு வந்த பையன்

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு தர்ம ஸ்தாபனத்தார் என்னைத் தேடி வந்தார்கள். இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிப் போன குழந்தைகளுக்கு இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் வாங்கித் தருவது அவர்கள் கைங்கரியம். நன்கொடை கேட்டு ஒரு துண்டுப் பிரசுரம் போட வேண்டும். "நீங்கள் நாலு வரி எழுதினால் கல்லும் கரையும், சார்" என்றார்கள். கதை எழுதுகிறவனை மடக்க இதற்கு மேல் என்ன வேண்டும்? ஒப்புக்கொண்டேன்.

படம் பிடிக்கிற அன்று நானும் போயிருந்தேன். பையனுக்கு ஏழு வயசு இருக்கும். தாயார் எண்ணெய் தடவிப் படிய வாரி, தீபாவளிச் சட்டையைப் போட்டு அழைத்து வந்திருந்தாள். அவளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்கள். போட்டோக்காரருக்குப் பையனைப் பார்த்ததும் திருப்தி ஏற்படவில்லை. சட்டையைக் கழற்றி வேறொன்றைக் கொடுத்தார். தலையைக் கையாலேயே கலைத்துவிட்டார். பையன் காமிராவைப் பார்த்துச் சிரித்தான். "சிரிக்கப்படாது, தம்பி" என்றார். பையன் என் பக்கம் திரும்பி, "அப்புறம் சீவிக்கலாமா, மாமா?" என்று கேட்டான்.

"சீவிக்கலாம்" என்றேன். வீட்டுக்கு வந்து நாலு வரியும் எழுதினேன். கல் கரைந்தது. பணம் வந்தது. குழந்தைகள் பூட்ஸ் போட்டு நடந்தன. இதில் குற்றம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. குற்றமே இல்லை என்று சொல்லவும் நா எழவில்லை.

இந்தக் கலையை முறையாக வளர்த்தவர்கள் அமெரிக்கர்கள். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 1921-ல், முப்பத்தொன்பதாவது வயசில், கால்கள் விழுந்துவிட்டன. அதன் பிறகுதான் அவர் ஜனாதிபதியானார். 1938-ல் அவர் முயற்சியால் இளம்பிள்ளை வாத ஒழிப்புக்கென ஒரு ஸ்தாபனம் ஏற்பட்டது. எட்டி காண்டர் என்ற ஹாஸ்ய நடிகர், ஆளுக்கொரு பத்து சென்ட் நாணயத்தை ஜனாதிபதிக்கே தபாலில் அனுப்புங்கள் என்று ரேடியோவில் கேட்டார். வெள்ளை மாளிகையில் நாணயங்கள் லட்சக்கணக்கில் வந்து குவிந்தன. வேடிக்கைக்காரன் கேட்டால் ஜனங்கள் கொடுக்கிறார்கள். வைத்தியர் கேட்டால் யோசிக்கிறார்கள். மனுஷ சுபாவம் அப்படி.

ரூஸ்வெல்ட் காலமான மறு வருஷம், 1946-ல், அதே பத்து சென்ட் நாணயத்தில் அவர் முகத்தைப் பொறித்தார்கள். முகம் மட்டுந்தான். அதே வருஷம் ஸ்தாபனத்தின் சுவரொட்டியில் ஒரு சிறுவன் வந்தான். ஒரு படத்தில் கழுத்துப் பட்டையோடு தொட்டிலில் நிற்கிறான். இன்னொன்றில் வீறு நடை போடுகிறான். அதன் பின் வருஷா வருஷம் குழந்தைகள் வந்தார்கள், ஊன்றுகோலோடும் இரும்புப் பட்டையோடும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். தம் சக்கர நாற்காலி படத்தில் விழாமல் ரூஸ்வெல்ட் வாழ்நாளெல்லாம் ஜாக்கிரதையாக இருந்தார். அவரைச் சக்கர நாற்காலியில் காட்டும் போட்டோக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நாட்டை ஆளுகிறவர் பரிதாபத்துக்குரியவராகத் தெரியக்கூடாது. நியாயந்தான். ஆனால் மறைத்துக்கொள்ளும் அந்த உரிமை சுவரொட்டிக் குழந்தைக்கு இருந்ததா?

அந்த நாணயங்கள்தாம் ஸால்க்கின் ஆராய்ச்சிக்குப் படியளந்தன. 1955-ல் தடுப்பு மருந்து வந்தது. எத்தனை கால்கள் பிழைத்தன! இதை வைத்துக்கொண்டு அந்தச் சுவரொட்டிகளைப் பழிக்க எவனுக்குத் துணிவு வரும்?

பிறகு இன்னொரு சங்கடம். பெரிய பிள்ளைகள் ஊசி போட்டுக்கொள்ள முன்வரவில்லை. 1956 அக்டோபர் 28-ந் தேதி, நியூயார்க்கில், எல்விஸ் பிரெஸ்லி பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தாமே ஊசி போட்டுக்கொண்டார். எனக்கு அவர் பாட்டில் ருசி கிடையாது. ஆனால் அந்த போட்டோ பிடித்திருக்கிறது. காட்டியது தம் சொந்தக் கை அல்லவா?

நம் நாட்டிலும் அமிதாப் பச்சன் சொட்டு மருந்துக்காக டெலிவிஷனில் வந்தார். கெஞ்சவில்லை, தாய் தகப்பன்மாரை அதட்டினார். ஊனமுற்ற குழந்தையைக் காட்டி அழ வைப்பதைவிட அதட்டல் எவ்வளவோ கண்ணியமானது. பின்னாளில், 2000-ல் தமக்கே காச நோய் கண்டிருந்ததையும் அவர் வாய்விட்டுச் சொன்னார். இந்தியாவில் அந்த வாதம் கடைசியாக 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்துக் குழந்தை ஒன்றுக்குக் கண்டது. 2014 மார்ச்சில், ஒழிந்தது என்று சான்று கொடுத்தார்கள். அந்தப் பெருமை முழுவதையும் நடிகருக்குக் கொடுத்துவிடக்கூடாது. ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டிய பெண்களின் படத்தை யார் சுவரில் ஒட்டினார்கள்?

அமெரிக்காவில் ஜெர்ரி லூயிஸ் என்ற நடிகர் 1966 முதல் 2010 வரை, தசை நலிவு நோய்க்காக வருஷந்தோறும் டெலிவிஷனில் மணிக்கணக்காக நின்று நிதி திரட்டினார். அந்தக் குழந்தைகளை அவருடைய குழந்தைகள் என்றே ஊர் அழைத்தது. 1990-ல் அவர், சக்கர நாற்காலியில் தாம் இருப்பதாகப் பாவித்து ஒரு கட்டுரை எழுதினார். அப்படி இருந்தால் பாதி மனிதனாகத்தான் இருக்க வேண்டும் என்ற தொனி அதில் வந்தது. ஒரு காலத்தில் அவர்களுடைய சுவரொட்டியில் இருந்து, வளர்ந்து ஆளாகிவிட்டவர்களே எதிர்த்துக் கிளம்பினார்கள். நன்றி கெட்டவர்கள் என்று பலர் ஏசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தலையைச் சீவிக்கொள்ள இத்தனை வருஷம் காத்திருந்தவர்கள் அவர்கள்.

துண்டுப் பிரசுரம் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியைப் பையனின் தாயாரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பையன் புது பூட்ஸுடன் திண்ணைக்கும் தெருவுக்குமாக நடந்துகொண்டிருந்தான். அவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"எண்ணெய் வச்சு வாரித்தானேங்க கூட்டியாந்தேன்?" என்றாள். "பாக்கறவங்க என்னைப் பத்தி என்ன நெனைப்பாங்க, ஐயா?"